அரிசிக் கூப்பனும் ஆளுக்கொரு குடும்பமும்

1

நான் இன்னும் ஒரு வருடம் ஈப்போவில் மூச்சு விடலாமா கூடாதா என்பதை ஆண்டுதோறும் ஒரு ரப்பர் முத்திரை தீர்மானிக்கிறது. கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு இந்த நாட்டில் உடனே அடையாள அட்டை கிடைத்துவிடாது. பாஸ்போர்ட்டில் ஒரு பக்கத்தைக் குத்தி அனுப்புவார்கள். அடுத்த வருடம் அதே வாரம் மறுபடி போய் வரிசையில் நிற்க வேண்டும். இந்த வாரம் போய் நின்றேன். லால்குடியை விட்டு வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது என்று அந்த வரிசைதான் எனக்கு நினைவூட்டியது.

"புவான் சுந்தரம்!" என்று கவுண்டரில் கூப்பிட்டார்கள். திருமதி சுந்தரம் என்று அர்த்தம். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி கூப்பிட்டார்கள். யாரந்தச் சுந்தரம், கூப்பிட்டால் எழுந்து போகக்கூடாதா என்று நானும் நாலு பக்கமும் பார்த்தேன். மூன்றாவது முறைதான் உறைத்தது. சுந்தரம் என் அப்பா!

பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது அது? கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று அங்கிருந்த குமாஸ்தா அப்பா பெயரை அதில் தள்ளிவிட்டார். மங்கையர்க்கரசி என்ற என் சொந்தப் பெயரை உச்சரிக்க இங்கே எந்த அதிகாரிக்கும் பொறுமை இல்லை. ஆகவே லால்குடியில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருக்கும் என் அப்பா, பேராக் மாநிலத்து அலுவலகங்களில் எல்லாம் இரண்டு வருடமாகச் சேலை கட்டிக்கொண்டு திரிகிறார்.

சிரித்துக்கொண்டேதான் முத்திரையை வாங்கி வந்தேன். ஏனென்றால் குடும்பப் பெயர் இல்லாத இதே சங்கடம்தான் சில மாதங்களுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவுக்கே சோறு போட்டது. அதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

2

முதலில் லெட்சுமி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் செல்வத்தின் அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் இங்கே வந்த முதல் நாளே எல்லாரும் அக்கா அக்கா என்றார்கள், நானும் அந்த ஓட்டத்தில் சேர்ந்துவிட்டேன். கணவர் இறந்த பிறகு மகள் வசந்தியோடு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவர். ஆகவே நாங்கள் நால்வரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அக்கா பிறந்து வளர்ந்தது ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினாலு வயதில் பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கத் தொடங்கியவர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் பாதி மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், மீதியை வீடு கட்டுகிறவர்களுக்குத் துண்டு போட்டார்கள். லயம் என்னும் வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் அரசாங்கத்தின் மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. அக்கா அங்கே காலர் வெட்டித் தைக்கிறார். "முன்ன மரத்துக்குப் பட்ட வெட்டுனேன், இப்ப சட்டைக்குக் கழுத்து வெட்டுறேன்" என்பார்.

தோட்டத்தில் மிச்சமிருப்பது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். வருடத் திருவிழாவுக்குத் தஞ்சோங் மாலிம், ஆயர் தாவார் என்று சிதறிப்போனவர்கள் எல்லாரும் வந்து சேருவார்கள். அன்றைக்குச் சோறு முக்கியம். சாமி கும்பிடுவது பாதி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழைய கதை பேசுவது பாதி. அரிசியும் எண்ணெயும் துரை காலத்திலிருந்து தோட்ட நிர்வாகம் கொடுத்து வந்தது. புது நிர்வாகம் கையை விரித்துவிட்டது.

கோயில் கூட்டம் கூடியது. தலைவர் பழைய கிராணியார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். தோட்டம் போய்விட்டது, ஆபீஸ் போய்விட்டது, அந்தக் குரல் மட்டும் போகவில்லை. "இந்த வருஷம் அன்னதானம் கெடையாது. சுண்டல் மட்டும்தான்" என்று முடித்துவிட்டு எழப்போனார். பெண்கள் வழக்கம்போல் பின்னால் தூண் ஓரம் நின்றிருந்தோம். அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசியதாக யாருக்கும் ஞாபகமில்லை.

"ஐயா, சோறு நான் போடுறேன்."

எல்லாத் தலையும் திரும்பியது. லெட்சுமி அக்கா!

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா லெட்சுமி, சோறு வாயால போடுறது இல்லம்மா, அரிசியால போடுறது. சரி, போடு. போட முடியலன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து பொம்பளைங்க கூட்டத்துக்கு வர வேணாம். வீட்டுலயே இருங்க. சரிதானே?"

ஆண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "சரி" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் செல்வம்தான் கேட்டார்: "அக்கா, என்னா தைரியத்துல சொன்ன?"

"தெரியலடா தம்பி. வாய் தொறந்துகிச்சு."

3

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். பி.எஸ்ஸி. படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்குக் கண்ணில் படுவதெல்லாம் கண்டுபிடிப்பு. பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் மலாய்ப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முழுப் பக்க விளம்பரம். கிந்தா ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தார்கள். பக்கத்தின் மூலையில் புள்ளிக் கோடு போட்ட ஒரு கட்டம், கோட்டின் மேல் குட்டிக் கத்தரிக்கோல் படம். அந்தக் கட்டத்தை வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் ஐந்து கிலோ அரிசிப் பையும் ஒரு டின் சமையல் எண்ணெயும் பாதி விலை!

பல் வலி பறந்துவிட்டது.

நம்மூரில் ரேஷன் அட்டையைத் தூக்கிக்கொண்டு விடிகாலையில் வரிசை பிடித்தவள் நான். "அரிசி வந்துடுச்சாம், ஓடு" என்று அம்மா விரட்டுவாள். போனால் எடை போடுகிறவர் டீ குடிக்கப் போயிருப்பார். அங்கே கடைக்காரர் நமக்குத் தயவு பண்ணுகிறார். இங்கேயோ கடைக்காரன் "வா வா, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று பத்திரிகையில் காசு கொடுத்துக் கெஞ்சுகிறான். இதைப் பயன்படுத்தாமல் விட்டால் படித்த படிப்புக்கு என்ன மரியாதை?

அன்று மாலையே வேட்டை தொடங்கிவிட்டது. மூலைக் கோப்பிக் கடை, முடி வெட்டும் கடை, பழைய பேப்பர் வாங்க வருகிற சைக்கிள்காரர், யாரையும் விடவில்லை. செல்வம் வேலை பார்க்கும் லாரிப் பட்டறையில் மத்தியானச் சாப்பாடு கட்டிவரும் பேப்பர்கூட என் கைக்கு வந்தது. கறி வாசனையோடும் கிரீஸ் கறையோடும்.

"மச்சான்மாரெல்லாம் கேக்குறானுங்க, உன் பொண்டாட்டி பேப்பர் ஏவாரம் பண்ணுதான்னு" என்றார் செல்வம்.

"ஆமான்னு சொல்லுங்க. போணி நல்லா இருக்குன்னும் சொல்லுங்க."

அக்காவின் கணக்குப்படி திருவிழாவுக்கு இருபது பை அரிசி வேண்டும். காய்கறியைப் பீடோரில் தோட்டம் போட்டிருக்கும் சொந்தக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பருப்பும் வெல்லமும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம். பெரிய செலவு அரிசியும் எண்ணெயும்தான். அது பாதி விலையானால் பெண்கள் சேர்த்து வைத்திருந்த காசுக்குள் அடங்கிவிடும். முழு விலை என்றால் நடக்காது. என் கையிலோ இருபதுக்கு மேலேயே கூப்பன்கள்!

அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டில் கூட்டிவைத்து, ஒரு பிரசங்கமே செய்தேன். முடிந்ததும் அஞ்சலை அக்கா ஒரு கூப்பனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கத்திரி பக்கத்துல என்னமோ எழுதியிருக்கே, அத படி."

"போத்தோங் டி சினி. இங்கே வெட்டவும்னு அர்த்தம்."

"போத்தோங்கா?" அவர் கூப்பனைத் தேள் மாதிரிக் கீழே போட்டார். "ஐயோ, நான் வரல லா." பேச்சின் வாலில் ஒரு லா ஒட்டுவது இந்த ஊர்ப் பழக்கம்.

"ஏன் அக்கா? காகிதத்தைத்தானே வெட்டச் சொல்றாங்க?"

"நீ ஊர்லேர்ந்து வந்தவ, உனக்குத் தெரியாது. மொதல்ல இப்படித்தான் சிரிச்சிக்கிட்டுக் குடுப்பான். அப்புறம் சம்பளத்துல போத்தோங்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். பிறகுதான் விளங்கியது. தோட்டத்துக் கடையில் சாமானைக் கேட்டதும் கொடுப்பார்களாம். மாசக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் அந்த ஒரு வார்த்தை: போத்தோங். வெட்டு. அரிசிக்கு வெட்டு, மீனுக்கு வெட்டு, ஏனென்றே தெரியாமல் ஒரு வெட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தச் சொல் மட்டும் எழுத்தாகவே மனப்பாடம்.

"ஐசி நம்பரக் கேட்டு எழுதிக்குவான். ஃபேக்டரிக்குச் சொல்லிடுவான். வெள்ளிக்கிழம சம்பளத்துல பாதி இருக்காது, பாரேன்" என்றார் பாப்பாத்தி அக்கா. ஐசி என்பது அடையாள அட்டை.

நான் மன்றாடினேன். சத்தியம் செய்தேன். கடைசியில் லெட்சுமி அக்காவோடு சேர்த்து எட்டுப் பேர்தான் தேறினார்கள், மற்ற ஏழு பேரும் அக்கா முகத்துக்காக. அஞ்சலை அக்காவும் பாப்பாத்தி அக்காவும் அதில் சேர்த்தி. "பணம் புடிச்சா உன் புருஷன்கிட்ட வந்து வாங்கிக்குவேன்" என்று நிபந்தனையோடு வந்தார்கள்.

எட்டுப் பேருக்கு எட்டுப் பை. இருபதுக்கு எங்கே போவது?

4

கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் விதிகள் இருந்தன. முதல் விதி: ஒரு கெலுவார்காவுக்கு ஒரு கூப்பன்.

கெலுவார்கா என்றால் என்ன? வசந்தியைக் கேட்டேன். அவள் ஐந்தாம் படிவம், அதாவது நம்மூர்ப் பதினோராம் வகுப்பு, படிக்கிறாள். பள்ளிக்கூடம் மலாயில், தோழிகளோடு பேச்சு ஆங்கிலத்தில், டெலிவிஷன் பார்ப்பது சீனத் தொடர். தமிழ், எங்களோடு சண்டை போடும்போது மட்டும் வெளியே வரும். அப்போது தொடரில் வாள் சண்டை உச்சத்தில் இருந்தது.

"வசந்தி, இதுக்கு அர்த்தம் சொல்லு."

"ம்ம். சத்து கெலுவார்கா, சத்து லா, மாமி."

"சத்துன்னா ஒண்ணு, அதை நானே படிச்சிட்டேன். தமிழ்ல சொல்லு."

"ஐயோ மாமி, இப்பத்தான் கதாநாயகன் செத்துக்கிட்டு இருக்கான்!"

கதாநாயகன் நிதானமாகத்தான் செத்தான். எனக்குப் பொறுமை இல்லை. கெலுவார் என்ற சொல் எனக்குத் தெரியும். பஸ் நிலையத்தில், சினிமாக் கொட்டகையில், எல்லா வாசலிலும் சிவப்பு எழுத்தில் எரியும். வெளியே போகும் வழி! கெலுவார் வெளியே போவது என்றால் கெலுவார்கா ஒரு தடவை வெளியே போவதாகத்தான் இருக்க வேண்டும். ஆக விதி என்ன சொல்கிறது? ஒரு தடவை வெளியே போவதற்கு ஒரு கூப்பன். ஒரு கூப்பனைக் கொடு, சாமானை வாங்கு, வெளியே போ. மறுபடி உள்ளே வந்து அடுத்த கூப்பனைக் கொடு!

நம்முடைய இலக்கணத்தில் பகுதி விகுதி பிரித்துப் படித்த மூளை அல்லவா, இதைப் பிரித்துப் பார்த்ததும் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, எட்டுப் பேர் போதும்! ஆளுக்கு மூணு தடவை கெலுவார் பண்ணினா வேலை முடிஞ்சிது!"

"நல்லாத் தெரியுமா?"

"பட்டம் வாங்கினவ சொல்றேன்."

அக்கா நம்பினார்.

5

கூப்பனுக்குக் கடைசி நாள் சனிக்கிழமை. அக்காமார்கள் தொழிற்சாலைக்கு லீவு போட்டார்கள், மத்தியானம் போனோம். குளிர்சாதனக் காற்று முகத்தில் அடித்ததும் பாப்பாத்தி அக்கா முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு லா" என்றார். வரமாட்டேன், மலு, வெட்கக்கேடு என்று முரண்டு பிடித்த வசந்தியை வீட்டிலேயே விட்டுவிட்டோம்.

முதல் சுற்று அமோகம். காசு வாங்கும் இடத்தில் ரொஹானா என்று பெயர் குத்திய மலாய்ப் பெண். ஒவ்வொரு கூப்பனையும் வாங்கி ஆணியில் குத்தினாள், பாதி விலை போட்டாள், சிரித்தாள். ஐசி கேட்கவில்லை. அஞ்சலை அக்கா மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அவ்ளோதானா? எழுதிக்கலயே?" என்று என்னைப் பார்த்தார். வாசலோரம் எட்டு அரிசிப் பை, எட்டு எண்ணெய் டின். லெட்சுமி அக்கா பைகளைத் தடவிக் கொடுத்தார்.

"சரி, எல்லாரும் கெலுவார்!" என்றேன்.

எட்டுப் பெண்களும் கூடவே நானும் வெளியே போகும் கதவு வழியாக வரிசையாகப் போய், உள்ளே வரும் கதவு வழியாக வரிசையாக வந்தோம். கோயில் பிராகாரம் சுற்றியது போல் இருந்தது. ரொஹானா நான் நீட்டிய இரண்டாவது சுற்றுக் கூப்பனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காக்கா, சுடா லா. ஒரு கெலுவார்காவுக்கு ஒண்ணுதானே?" காக்கா என்றால் அக்கா, சுடா என்றால் ஆகிவிட்டது.

"அதான் வெளியே போயிட்டு வந்துட்டோமே!" என்று கதவைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் கொட்டி, கெலுவார், மாசுக், கெலுவார், மாசுக் என்று கையால் சுற்றிக் காட்டினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொன்னாள். கெலுவார்கா என்றால் குடும்பம்.

வெளியேறுவதற்கும் குடும்பத்துக்கும் ஒரே தலையெழுத்தா! இது என்ன மொழியம்மா!

சிரிப்புச் சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். கழுத்துப்பட்டை கட்டிய சீன இளைஞர். நிலைமையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். தமிழிலேயே எழுதுகிறேன்.

"குடும்பத்துக்கு ஒன்று. நீங்கள் எல்லாரும் சேர்ந்து எட்டு எடுத்திருக்கிறீர்கள்."

"நாங்கள் எட்டுக் குடும்பம்."

"அப்படியா? அந்த அம்மா உங்களுக்கு என்ன வேண்டும்?"

"அக்கா."

"அதோ அவர்?"

"அவரும் அக்கா."

"பச்சைச் சேலை?"

"அவங்க... அக்காதான்."

"நான் அங்கிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அக்கா, அக்கா, அத்தை, சித்தி! எல்லாம் ஒரே குடும்பம். ஒரு பைதான் தருவேன். மற்ற ஏழையும் திருப்பி வையுங்கள். பணம் கொடுத்துவிடுகிறோம்."

ஒரு பையன் வந்து தள்ளுவண்டியில் அரிசிப் பைகளை ஏற்ற ஆரம்பித்தான். மேனேஜர் என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்கவே இல்லை. வண்டியில் ஏறும் பையைப் பார்த்தாலே போதாதா? முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. வியாழக்கிழமை திருவிழா. கிராணியார் சுண்டல் மடிக்கக் காகிதம் வாங்கி வைத்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு.

"போவோம் வா மங்கை" என்றார் அக்கா. "சாமி குத்தம்னு நெனச்சிக்குவோம்."

அந்தக் குரலில் நான் அக்காவைக் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. மேனேஜர்மேல் அல்ல, அந்தக் குடும்பப் பெயர்க் கட்டத்தின்மேல். வந்த நாளிலிருந்து என் அப்பாவைச் சேலை கட்டவைத்த அதே கட்டம்! மூளையில் பளிச்சென்று மின்னல் வெட்டியது.

"சார், உங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர்தானே?"

"ஆமாம். அப்பா, தாத்தா, அண்ணன், எல்லாரும் லிம்."

"அப்படியானால் இவர்கள் ஐசியைப் பாருங்கள். ஒரே குடும்பமானால் ஒரே பெயர் இருக்க வேண்டுமே?"

எட்டு அட்டைகள் மேசையில் விழுந்தன. எட்டும் எட்டுப் பெயர். பெயருக்குப் பின்னால் மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கம், அதற்குப் பின்னால் அப்பா பெயர். லெட்சுமி, முனியாண்டி மகள். சரோஜா, வீராசாமி மகள். மேனேஜர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். திடீரென்று அவர் விரல் நின்றது.

"இதோ! கருப்பன். இங்கேயும் கருப்பன்! பிடித்துவிட்டேன்!"

அஞ்சலை அக்காவும் பாப்பாத்தி அக்காவும். உங்கள் ரெண்டு பேரையும் ஒரே அப்பா பிள்ளைகள் என்கிறார் என்று நான் சொன்னதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

"இவ அப்பா கங்காணி கருப்பன் லா! எங்கப்பா மாட்டுக்கார கருப்பன்!"

"எங்கப்பா மேட்டு லயம், இவங்கப்பா பள்ளத்து லயம்! ரெண்டு பேரும் பேசிக்கக்கூட மாட்டாங்க!"

"அதுக்கு உங்கப்பாதான் காரணம். எங்க மாட்ட யாரு அவுத்து விட்டது?"

"உங்க மாடு எங்க கீரைய மேஞ்சா?"

இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? ரொஹானா மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். முகவரிகளும் வேறு வேறாகத்தான் இருந்தன. மேனேஜர் முதல்முறையாகச் சிரித்தார்.

"குடும்பப் பெயரே இல்லாமல், யார் சொந்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

"கண்டுபிடிக்கிறதே இல்லை சார். எல்லாரையும் அக்கா என்று கூப்பிட்டுவிடுவோம்."

அவர் பையனுக்குக் கையைக் காட்டினார். பைகள் வண்டியிலிருந்து இறங்கின. "சரி. ஐசி காட்ட வேண்டும். ஒரு முகவரிக்கு ஒன்று. அப்படி யார் வந்தாலும் தருகிறேன்." வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படிச் சொன்னார்.

யார் வந்தாலும்! அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

6

சனிக்கிழமை தொழிற்சாலையில் அரை நாள் வேலை. பஸ் அந்தச் சாலை வழியாகத்தான் திரும்பும். லெட்சுமி அக்காவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார். கூடவே அஞ்சலை அக்கா, இடுப்பில் ஒரு அரிசிப் பை, கையில் ஒரு எண்ணெய் டின்.

நீல நிற பஸ் வந்தது. அக்கா சாலையில் இறங்கி இரண்டு கையையும் நீட்டி மறித்தார். ஓட்டுநர் தலையை நீட்டி, "என்னாக்கா, சாவப் போறியா?" என்று கத்தினார். சன்னலெல்லாம் முகங்கள். என் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வரமாட்டேன் என்ற அதே முகங்கள்.

அஞ்சலை அக்காதான் பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"பாதி வெலை லா! ஐசியப் பாத்தான், திருப்பிக் குடுத்துட்டான்! எழுதிக்கல! போத்தோங் இல்ல! எறங்குங்கடி!"

தேள் என்று கூப்பனைக் கீழே போட்ட அந்தக் கையா இது!

பிறகு பஸ்ஸின் கதவு திறந்தது. திறந்தது மூடவே இல்லை. தோளில் நூல் ஒட்டியிருக்க, கழுத்தில் அளவு நாடா தொங்க இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் வாசலில் நின்று ஆளுக்கொரு கூப்பனைக் கையில் திணித்தேன். கிரீஸ் கறை பட்டதும் கறி வாசனை அடித்ததும் எல்லாம் போயிற்று. கூட்டத்தைப் பார்த்த மேனேஜர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, "இவர்களும் உங்கள் அக்காக்களா?" என்றார்.

"எல்லாரும் அக்காதான் சார். எல்லாரும் வேற வேற குடும்பம்."

சொன்ன சொல் மாறவில்லை அந்த மனிதர். ரொஹானா அட்டை அட்டையாகப் பார்த்தாள், ஆணியில் குத்தினாள். கடைசிப் பெண் போன பிறகு எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பை. ஒன்று குறைகிறது! கையில் இன்னும் கூப்பன் இருக்கிறது, ஆள் இல்லை. முதல் சுற்றில் எங்கள் வீட்டுக்கென்று பை எடுத்தது அக்கா. நான் என் பெயரில் எடுக்கவில்லை.

உடனே பாஸ்போர்ட்டை நீட்டினேன். பெருமையாக இருந்தது என்றே சொல்வேன். "சார், என் குடும்பப் பெயர் சுந்தரம். அந்த அம்மா லெட்சுமி, முனியாண்டி மகள். நான் தனி. இது என் கூப்பன்."

மேனேஜர் முகவரியெல்லாம் கேட்கும் நிலையில் இல்லை. கையை நீட்டினார்.

"என்னலா சொல்றா இவ?" என்று அக்கா ரொஹானாவைக் கேட்டார்.

ரொஹானா மலாயில் அப்படியே சொன்னாள்: இந்தத் தங்கச்சி உங்கள் கெலுவார்கா இல்லையாம்.

அக்கா என் கையிலிருந்து கூப்பனைப் பிடுங்கினார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"என் தம்பி பொண்டாட்டி. என் வீட்ல என் கையால தின்னுறா. அஞ்சு கிலோ அரிசிக்காக நீ வெளியாளு ஆயிடுவியாடி? யாரு வீட்டுப் புள்ள நீ?"

"அக்கா, சும்மா ஒரு பேச்சுக்கு..."

"சும்மாவும் சொல்லாத."

கூப்பன் நாலு துண்டானது. இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து ரொஹானாவின் முன்னால் காசைக் கொட்டினார் அக்கா. "இருவதாவது பைய முழு வெலைக்குப் போடும்மா. நாங்க ரெண்டு பேரும் ஒரு கெலுவார்கா."

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. குளிர்சாதனக் காற்று கண்ணில் பட்டால் தண்ணீர் வரும் என்று செல்வத்திடம் அப்புறம் சொல்லிக்கொண்டேன்.

7

இருபது பையையும் அந்த பஸ்ஸே கொண்டுவந்து சேர்த்தது. அக்காவைத் திட்டிய ஓட்டுநர்தான் இறக்கியும் வைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் சோறு வடித்த ஆவி பனை மர உயரம் எழும்பியது. பந்திமேல் பந்தி. ஆயர் தாவார்க்காரர்கள் சாப்பிட்டு எழும் இடத்தில் தஞ்சோங் மாலிம்காரர்கள் உட்காரத் தயாராக நின்றார்கள். இலையை எடுக்கவே நேரமில்லை. கங்காணி கருப்பன் மகளும் மாட்டுக்கார கருப்பன் மகளும் ஒரே அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அந்தக் கீரையை மாடு மேய்ந்ததா இல்லையா என்று விடாமல் பேசிக்கொண்டே சோறு அள்ளினார்கள். வசந்தி வந்திருந்தாள். வாளி தூக்கவில்லை, பரிமாறவில்லை. தோழிகள் இரண்டு பேரை, ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பெண், கூட்டிவந்து இலையில் உட்காரவைத்து, எதை எதோடு பிசைய வேண்டும் என்று ஆங்கிலத்தில் அதட்டிக்கொண்டிருந்தாள். அது போதும் எனக்கு.

கிராணியார் மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தார். ரசத்துக்கு மறுபடி சோறு கேட்டார். போட்டது லெட்சுமி அக்கா. சுண்டல் மடிக்க அவர் வாங்கிய காகிதத்தில் பிள்ளைகள் கப்பல் செய்து கை கழுவும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் கணக்கு ஒப்படைக்கும் கூட்டம். நாங்கள் சற்று முன்னதாகவே போய்விட்டோம். தூண் ஓரம் ஒருத்தியும் இல்லை. முன் பாயில் நாற்பது பெண்கள், தொழிற்சாலைச் சட்டையோடு, சம்மணம் போட்டு. பின்னால் வந்த ஆண்கள் உட்கார இடமில்லாமல் தூணைச் சுற்றி நின்றார்கள். கிராணியார் உள்ளே வந்தவர், வாசலிலேயே ஒரு கணம் நின்று, தவறான கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்பது போலச் சாமியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி. யாராச்சும் எதாச்சும் பேசணும்னா பேசலாம்."

லெட்சுமி அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "மொதல்ல நான் பேசுறேன்" என்றார்.